மூணு தண்ணி

பதினோரு வருஷமாக இனாயத்துல்லா பார்த்த வேலை, சித்திரவதைக் கூடத்தில் தூசி தட்டுவது. ஊரில் இதை அவர் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. லீவில் வரும்போது மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் யாராவது கேட்டால், "மியூசியத்துல வேல" என்பார். கேட்டவர்கள் ராஜா காலத்து வாளும் கேடயமும் வைத்திருக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு, ஏசி உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்பார். உண்மையிலேயே உண்டு.

துபாயில் ஆபீஸ் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் விமானம் ஏற்றினான். இறங்கிய இடம் ஈராக்கின் வடக்கே, குர்து ஜனங்கள் வாழ்கிற மலை ஊர். சண்டைக் காலத்தில் அந்த நாட்டு அரசாங்கமே அந்த ஜனங்களைக் கிராமம் கிராமமாக அள்ளிக்கொண்டு போய்க் கொன்றிருக்கிறது. பிடித்து வந்தவர்களைத் தொங்கவிட்டு அடித்த ரகசியப் போலீஸ் கட்டிடத்தைத்தான் பிற்பாடு மியூசியம் ஆக்கியிருந்தார்கள். சுவரில் நகத்தால் கீறிய நாள் கணக்கு, கூரையில் கொக்கி, தரையில் பழுப்புத் திட்டு, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முதுகு கிழிந்த சட்டை. இவைதான் இனாயத்துல்லா காலையில் எழுந்து முகத்தில் விழித்தவை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில், ஐந்தாம் அறைத் தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டார். ஒரு முழ அகலத்துக்குத் தரை பளிச்சென்று ஆகிவிட்டது. வந்தவர்களுக்கு அறை அறையாகக் கூட்டிப்போய் விளக்கம் சொல்லும் ஷீலான் என்ற பெண் அதைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் அந்தப் பளிச்சென்ற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அண்ணன் அந்த அறையில்தான் இருந்தானாம். அன்றைக்குப் படித்த பாடம்: தண்ணீர் ஆகாது. காய்ந்த பிரஷ் மட்டும். அதன் பிறகு அவர் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தச் சுவர்களில் பட்டதில்லை.

இப்படிப்பட்ட ஆள்தான் சொந்த மகன் விஷயத்தில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

மகன் இலியாசுக்கு இருபத்து மூன்று வயது. லோடு ஆட்டோ ஓட்டினான். மாசி முடிந்து கொத்தமல்லி அறுப்பு ஓய்ந்த நேரம்; திருச்சுழி பக்கத்துக் காடுகளிலிருந்து மல்லி மூட்டையும் மிளகாய் வத்தல் மூட்டையும் ஏற்றி விருதுநகரில் இறக்குவான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போலீஸ்காரர்கள் ரோட்டில் மறித்தார்கள். லோடு கூடுதல் என்று அபராதம் கேட்டார்கள். அவன் ரசீது கேட்டான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற ஸ்டேஷன்காரர்கள் தாங்கள் யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக அவன்மேல் கேஸ். பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமி வேனில் கொண்டுவந்து இறக்கினார். இலியாஸ் முன்னறையில் நுழைந்து, நிற்க முடியாமல் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். முதுகோடு ஒட்டியிருந்த சட்டையை அவன் தாய் சைதுன் பீவி வெந்நீர் விட்டு நனைத்து நனைத்துப் பிரித்தாள். பிரித்துவிட்டு, புருஷனுக்கு வீடியோவில் போன் போட்டாள்.

மியூசியம் திறக்காத நேரம். இனாயத்துல்லா பிரஷும் கையுமாக நடைபாதையில் நின்றிருந்தார். மகனின் முதுகைப் பார்த்ததும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. பொன்னுச்சாமிய நிக்கச் சொல்லு" என்றார்.

"அவுக வாசல்லதான் நிக்கிறாக. இந்தச் சட்டைய என்னங்க செய்ய? தொழுகுற வீடு. ரத்தத்தோட கெடக்கு. பிள்ளைக்காகத் துஆ கேக்க உக்காரணும், இத வச்சுக்கிட்டு எப்படி உக்கார?"

"நஜீஸான துணிய வீட்டுல போட்டு வைக்காத. மூணு தண்ணியில அலசிச் சுத்தம் பண்ணிக் காயப் போட்டுட்டுக் கெளம்பு புள்ள."

போனை வைத்தார். நிமிர்ந்தார். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சட்டை தொங்கியது. உடனே திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது தடவை எடுத்தவள், மூச்சு வாங்கச் சொன்னாள். "அலசிட்டேங்க. கொடியில போட்டுட்டேன். வேன்ல ஏறிட்டோம்."

லீவு வாங்கி, எக்சிட் சீட்டு வாங்கி, ஊர் வந்து சேர ஒன்பது நாள் ஆனது.

வந்த மறுநாள் மதுரையிலிருந்து வக்கீல் கிருஷ்ணப்ரியா வந்தாள். பொன்னுச்சாமியின் மருமகன் சொல்லி வந்தவள். முப்பது வயது இருக்காது. சைதுன் பீவி பொன்னுச்சாமி கடைக்காக வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மகன் படுத்துவிட்டான், புருஷனுக்குச் சம்பளமில்லாத லீவு. கை சும்மா இருந்தால் ஆகாது. வக்கீல் வந்து உட்கார்ந்ததும் நாலு தும்மல் தும்மினாள்.

"அன்னிக்குத் தம்பி போட்டிருந்த துணி இருக்காம்மா?"

"இருக்கே" என்று சைதுன் பீவி உள்ளே போனாள். நாலாக மடித்த வெள்ளைச் சட்டையோடு வந்தாள். வக்கீல் மடியில் விரித்தாள். நீலம் போட்டு வெளுத்திருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை. முதுகில் இருந்த இரண்டு கிழிசலையும் பொடித் தையலாகத் தைத்திருந்தாள்.

வக்கீல் தையல்மேல் விரலை ஓட்டினாள். "யாரும்மா தொவைக்கச் சொன்னது?"

சைதுன் பீவி புருஷனை ஒரு தடவை பார்த்தாள். "யாரும் சொல்லலம்மா. நாந்தேன் தொவச்சேன். புத்தி கெட்டவ."

இனாயத்துல்லா குனிந்து ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். இன்னொன்றை எடுத்தார். பொண்டாட்டி தன் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு அவர் வாயை மூடியிருந்தார். அவரை நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் அவர் செய்தது அதுதான்.

இலியாஸ் உள்ளறையில் குப்புறப் படுத்திருந்தான். வக்கீல் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். "யாரு அடிச்சாங்க தம்பி?"

"யாரும் அடிக்கல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அதையே சொல்லியிருந்தான். அப்போது அவன் தலைமாட்டில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். இப்போது யாரும் இல்லை; ஆனாலும் அதே வார்த்தை, அதே வரிசையில் வந்தது. நம் ஊர் ஸ்டேஷன்களின் பாத்ரூம் மாதிரி வழுக்குகிற இடம் உலகத்தில் இல்லை. விழுகிறவர்கள் எல்லோரும் கைதிகள்; ஒரு ஏட்டையா வழுக்கி விழுந்ததாக இதுவரை செய்தி இல்லை.

புறப்படும்போது வக்கீல் முன்னறைச் சுவரைப் பார்த்து நின்றாள். "இது என்ன?"

இரண்டு தோள்பட்டை அகலத்துக்குப் பழுப்புத் திட்டு. அதிலிருந்து தரைவரைக்கும் இழுத்த கோடுகள்.

"அங்கனதாம்மா வந்து சாஞ்சான். வெள்ளையடிக்கையில போயிரும்னு விட்டு வச்சிருந்தேன்."

"இதத் தொடாதீங்க. கோர்ட்டுல மனுப் போட்டு, சோதனைக்காரங்களக் கூட்டி வந்து சுரண்டி எடுக்கணும். பத்துப் பதினஞ்சு நாளாகும்."

"அது போதுமாம்மா?" என்றார் இனாயத்துல்லா. அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு.

"போதாதுங்க. இது தம்பி ரத்தம்னு காட்டலாம். யாரு அடிச்சதுன்னு சுவரு சொல்லாது. அதத் தம்பிதான் சொல்லணும். சொல்லலைன்னா கேஸு இல்ல. அவங்க போட்ட கேஸு மட்டும்தான் நிக்கும்."

சிக்கல் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த முன்னறையில்தான் மகள் ஜன்னத்துக்கு நிச்சயம். இன்னும் நாலே நாள். மாப்பிள்ளை அசாருதீன், காரியாபட்டியில் ஜவுளிக் கடைக் குடும்பம். இலியாஸ் ஸ்டேஷன் பாத்ரூமில் விழுந்த கதையைக் கேட்டு, நம்பி, அல்லது நம்பியதாக வைத்துக்கொண்டு, "நடந்தது நடந்துபோச்சு, தேதிய மாத்த வேணாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வியாழக்கிழமை வெள்ளையடிக்கிற ரத்தினம் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்தார். மற்ற மூன்று சுவரையும் முடித்து மேற்குச் சுவருக்கு வந்ததும் இனாயத்துல்லா குறுக்கே நின்றார்.

"இந்தத் திட்ட விட்டுட்டுச் சுத்தி அடிங்க."

"அப்பிடியெல்லாம் விட்டா நான் வெள்ளையடிச்சேன்னு எவன் சொல்லுவான் பாய்? என் பேருல்ல கெடும்."

"பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகட்டும். மட்டைய அங்கிட்டு வைங்க. தண்ணி தெறிக்குது."

சைதுன் பீவி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கருவாட்டு வாடை. "நிச்சயத்துக்கு வாரவுக கண்ணுல இதுதான் படணுமா? பிள்ளையே ஒண்ணும் நடக்கலைங்கிறான். இத வச்சு என்னத்தக் கிழிக்கப் போறீக?"

"வக்கீலம்மா சொல்லிட்டுப் போயிருக்கு."

"வக்கீலம்மா வந்து ஜன்னத்தக் கட்டிக்குமா? இருவத்தாறு வயசாச்சு அவளுக்கு. ரெண்டு எடம் தட்டிப் போயி இது வந்து கூடியிருக்கு. ஒருத்தன அடிச்சுப் போட்டுட்டாக. இன்னொருத்தியவும் சேத்துச் சாகடிக்கணுமா?"

அவருக்கு அப்போது ஷீலான் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டிடத்தை மியூசியமாக்கப் போனபோது, அவள் ஊர்க்காரர்களே முதலில் வெள்ளையடித்துப் பள்ளிக்கூடம் ஆக்கிவிடலாம் என்றார்களாம். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது என்றாள் அவள்.

கடைசியில் சைதுன் பீவியே வழி கண்டுபிடித்தாள். போன லீவில் அவர் வாங்கி வந்த வெல்வெட் துணி ஒன்று இருந்தது. காபா படம் போட்டது. அதை ஆணி அடித்துத் திட்டை மறைத்துத் தொங்கவிட்டாள். ஜன்னத் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்து இனாயத்துல்லா பொன்னுச்சாமி கடைக்குப் போனார். வெயில் அப்பவே சித்திரை வெயிலாக அடித்தது. பொன்னுச்சாமி மல்லி மூட்டையில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார்.

"பிள்ளைய விடச் சொல்லி அன்னிக்கு ஸ்டேஷன் வாசல்ல நீதான நின்ன. என்ன பாத்த?"

பொன்னுச்சாமி கையை வெளியே எடுத்தார். "மூணு பேரு உள்ள போனானுக மாப்ள. ரெண்டு பேரு கையில கம்பு, ஒருத்தன் வெறுங்கை. கதவச் சாத்துனானுக. பெறகு சத்தந்தான் கேட்டுச்சு. நான் டீக்கடைப் பக்கம் நவுந்துட்டேன்."

"கோர்ட்டுல வந்து இதச் சொல்வியா?"

"உன்னட்ட நூறு தடவ சொல்லுவேன். கோர்ட்டுல கேட்டா நான் அன்னிக்குக் கடையிலதான் இருந்தேன்." மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். "நானும் தெனம் அதே ரோட்டுலதான மாப்ள லோடு ஏத்துறேன்."

இதற்கு மேல் அவரைக் கேட்க என்ன இருக்கிறது? இனாயத்துல்லா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். இருவரும் குடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். ஆண்கள் முன்னறையில், பெண்கள் நடு அறையில். பழத்தட்டும் இனிப்பும் பாயில் வரிசையாக இருந்தன. சேமியாவும் சேவும் கொடுத்து, டீ வந்தது. மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது தகப்பனின் அண்ணன், நாற்பது வருஷம் துணி விற்றவர். பேச்சு எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தேதிகூடப் பேசிவிட்டார்கள், நோன்புப் பெருநாள் கழித்து.

"இது எங்க வாங்குனது? நம்ம பக்கத்துச் சரக்கு இல்லையே" என்று வெல்வெட் துணியைப் பார்த்து எழுந்தார் பெரியத்தா. துணிக்காரர் துணியைக் கண்ணால் பார்ப்பதோடு விடுவாரா? ஓரத்தைப் பிடித்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக நிமிண்டினார். பிறகு, நாற்பது வருஷப் பழக்கத்தில், உள்பக்கத்து நெசவு பார்க்கத் துணியைப் புரட்டினார்.

புரட்டிய கை அப்படியே நின்றது. "என்னங்க இது, சுவருல ஈரம் எறங்குதா?"

நடு அறைக் கதவோரத்தில் இருந்து சைதுன் பீவி முந்திக்கொண்டாள். "ஆமாங்க, மழைத் தண்ணி எறங்கி எறங்கி அப்படி ஆகிப்போச்சு."

மழை பெய்து நாலு மாசம் ஆகிறது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெரியத்தா தலையை ஆட்டினார். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் துணி இறங்கி, பேச்சு வெயிலுக்கும் நோன்புக்கும் மாறி, எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

இனாயத்துல்லா எழுந்தார். துணியை ஆணியிலிருந்து கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சுவருக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி, வந்தவர்களுக்கு மறைக்காமல் நின்றார். ஷீலான் அப்படித்தான் நிற்பாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, சத்தத்தை ஏற்றாமல் இறக்காமல், அழாமல் சொல்வாள். பதினோரு வருஷம் கேட்ட அந்தத் தொனி அவர் தொண்டையில் தானாக வந்தது.

"இது மழைத் தண்ணி இல்லைங்க. என் மகன் இலியாஸோட ரத்தம். ரெண்டு வாரத்துக்கு முந்தி வெள்ளிக்கெழம மக்ரிபுக்கு முன்னாடி பிடிச்சாக. ஞாயித்துக்கெழம காலையில விட்டாக. ரெண்டு நாளும் அடிச்சிருக்காக. அவன் செஞ்ச தப்பு, ரசீது கேட்டது. மூணு பேரு அடிச்சாக. ரெண்டு பேரு கம்பால. வீட்டுக்கு வந்து இந்த எடத்துலதான் மொதல்ல சாஞ்சான். மேல இருக்கிறது தோளு. கீழ இழுத்திருக்கிறது, அவன் உக்காந்தது."

ஒருவர் டீக் கிளாசைக் கீழே வைத்தார்.

"அவன் போட்டிருந்த சட்ட இருந்துச்சு. அதுதான் பெரிய சாட்சி. அத மூணு தண்ணியில அலசச் சொன்னது நான். எம் பொண்டாட்டி தான்தான் செஞ்சேன்னு வக்கீலம்மாட்ட சொன்னா. பொய். போன்ல கேட்டா, நான் சொன்னேன். மியூசியத்துல நின்னுக்கிட்டே சொன்னேன். அதனால இப்ப இது மட்டுந்தேன் இருக்கு." சுவரைக் கையால் காட்டினார். "தொடாமப் பாருங்க."

கடைசி வார்த்தையும் ஷீலானுடையதுதான்.

பெரியத்தா துணி புரட்டிய விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். துணியைத்தான் தொட்டிருந்தார், சுவரை அல்ல. இருந்தாலும் துடைத்தார். "அல்லா ஒங்களுக்குச் சபூரையும் பொறுமையையும் குடுக்கட்டும்" என்றார். "கடை வச்சுப் பிழைக்கிறவுக நாங்க. வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்." பெண்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பழத்தட்டுகளை விட்டுவிட்டுப் போனார்கள். அதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளாத நாகரிகம் இருந்தது. வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

சைதுன் பீவி பாயில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லா இருந்துச்சு" என்றாள். "எல்லாம் நல்லா முடிஞ்சிருந்துச்சு."

ஜன்னத் உள்ளிருந்து வந்தாள். புதுச் சேலை, தலையில் பூ. ஒருவரையும் பார்க்காமல் டீக் கிளாஸ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். பாதி குடித்தது, குடிக்காதது, ஆடை படிந்தது. தட்டைத் தூக்கும்போதுதான் தகப்பனைப் பார்த்தாள்.

"இங்கயும் வேல பாக்க ஆரம்பிச்சுட்டீகளா அத்தா?"

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. மகள் கேட்டது நியாயம்தான். அவளுக்கு இனி இன்னொரு இடம் பார்க்க எத்தனை வருஷமாகும், அவருக்குத் தெரியாது. மகனுக்காக மகளைக் கொடுத்தாரா, தன் குற்றத்தை இறக்கிவைக்க இரண்டு பேரையும் கொடுத்தாரா, அதுவும் தெரியாது. துணியைத் திரும்ப மாட்டவும் தோன்றவில்லை.

உள்ளறைக் கதவு முனகியது. இலியாஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்த பிறகு அவன் கட்டிலைவிட்டு இந்த அறைக்கு வந்ததில்லை. சுவரை இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறான். வெகு நேரம் பார்த்தான்.

"மூணு பேரு இல்லத்தா" என்றான். "நாலு பேரு."

சைதுன் பீவி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"ஒருத்தன் முன்னமே உள்ள இருந்தான். சேர்ல உக்காந்திருந்தான். அவன் அடிக்கல. அடிய எண்ணிக்கிட்டிருந்தான்."

அவனால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அன்றைக்குப் போலவே சுவரைத் தேடி முதுகைத் திருப்பினான். இனாயத்துல்லா ஓடிப் போய் இடையில் நின்று அவனைத் தாங்கினார்.

"சுவத்துல சாயாதய்யா. எம்மேல சாஞ்சுக்க. சாஞ்சுக்கிட்டே சொல்லு."

ஜன்னத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வக்கீலம்மாவின் நம்பரைத் தேடினாள்.